சுவரேறிய தாத்தா

தென்காசிப் பக்கத்து வீடுகளுக்குள் நுழைந்ததும் நம்மை முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் அந்த வீட்டுத் தாத்தாதான். கண்ணாடிச் சட்டம், சந்தன மாலை, நெற்றியில் குங்குமம், கீழே ஒரு சிவப்பு பல்பு. ஆதிகாலம் தொட்டு இப்படித்தான் என்று தோன்றும். உண்மையில் அந்தப் படம் நம் சுவரில் ஏறி ஏறக்குறைய நூறு வருஷம்தான் ஆகிறது. அதற்கு வந்து சேர்ந்த சாமான்கள் பாரீஸிலிருந்து சிவகாசி வரை எங்கெங்கோ இருந்து வந்தவை.

இறந்தவரை ஊர் நினைக்க வேண்டுமென்றால் முன்பெல்லாம் கல் நட வேண்டும். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-ல் கிடைத்த நடுகற்கள் கிறிஸ்து பிறப்பதற்கு முந்தையவை. ஆநிரை கவரும் சண்டையில் விழுந்தவனுக்கு நட்ட கல் அவற்றில் ஒன்று. தமிழி எழுத்தில் சேதி மட்டும் இருக்கிறது, உருவம் இல்லை. வீரனின் உருவத்தைச் செதுக்கும் வழக்கம் பின்னால் வந்தது. அப்போதும் பெரும்பாலும் சண்டையில் செத்தவனுக்குத்தான் கல். பேரனைத் தோளில் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போய், எண்பது வயதில் கட்டிலில் கண்மூடியவருக்குக் கல் கிடையாது.

அதே காலத்தில் ரோமாபுரிப் பெரிய வீடுகளின் முற்றத்தில் முன்னோர்களின் மெழுகு முகங்கள் இருந்தன. வீட்டில் இழவு விழுந்தால், உருவ ஒற்றுமை உள்ளவர்கள் அந்த முகங்களை அணிந்து ஊர்வலத்தில் நடந்ததை வரலாற்றாசிரியர் பொலிபியஸ் எழுதிவைத்திருக்கிறார். பிறகு ரோமர் ஆண்ட எகிப்தில், இறந்தவரின் முகத்தை மரப்பலகையில் தீட்டி உடலோடு வைத்துக் கட்டினார்கள். அந்த எகிப்தோடு நமக்கும் கொடுக்கல் வாங்கல் இருந்தது. செங்கடல் ஓரத்துப் பெரனிகே துறைமுகத்தில் ஒரு இந்தியச் சாடியில் ஏழரைக் கிலோ மிளகு அப்படியே கிடைத்திருக்கிறது. மிளகு மேற்கே போனது. முகம் வரையும் பழக்கம் மட்டும் திரும்பும் கப்பலில் ஏறவில்லை.

நம் அரசர்களும் முகத்தைவிடச் சொல்லையே நம்பினார்கள். 1446-ல் தென்காசிக் கோயிலைக் கட்டத் தொடங்கிய பராக்கிரம பாண்டியன், பின்னாளில் இதைப் பழுதுபார்ப்பவர் யாராக இருந்தாலும் அவர் காலில் இப்போதே விழுகிறேன் என்று கல்லில் வெட்டிவைத்தான். பிளந்து கிடந்த கோபுரத்தை 1990-ல் எழுப்பி முடித்தவர்களுக்கு அந்த வணக்கம் சேர்ந்திருக்கும். ஐந்து கிலோமீட்டர் தள்ளி, குற்றாலம் சித்திரசபையில் ஆடும் பெருமானே சுவரோவியமாகத்தான் இருக்கிறார். ஆக, இந்த மண்ணில் சுவரில் உருவம் பெறுவது தெய்வத்துக்கு உரியது. சாதாரணத் தாத்தாவுக்கு எள்ளும் தண்ணீரும். ஆடி அமாவாசையன்று அருவியில் குளித்துவிட்டு அப்பா, தாத்தா, பூட்டன் என மூன்று தலைமுறைப் பேரைச் சொல்லித் தர்ப்பணம் கொடுப்பார்கள். பேர் இருந்தால் போதும், முகம் தேவைப்படவில்லை.

முகம் 1839-ல் பாரீஸில் பிறந்தது. தாகெர் என்பவரின் வெள்ளித் தகட்டுப் புகைப்படத்தை அந்த ஆண்டு உலகுக்கு அறிவித்தார்கள். அடுத்த ஆண்டே கருவி கல்கத்தாவுக்கு வந்துவிட்டது. ஆனால் ஒரு தகட்டுக்கு ஒரே படம், பிரதி எடுக்க வழியில்லை. 1854-ல் திஸ்தெரி என்ற பாரீஸ்காரர் ஒரே கண்ணாடித் தகட்டில் எட்டுப் படங்கள் எடுத்துக் காகிதத்தில் அச்சிடும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். படம் மலிந்தது, தபாலில் பயணம் போனது. 1856-ல் சென்னையில் புகைப்படச் சங்கமே தோன்றிவிட்டது.

நம் ஆட்கள் எளிதில் மசியவில்லை. படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்ற பயம் வெகுகாலம் இருந்தது. அதன் விளைவை நினைத்தால் மனசு கனக்கிறது: உயிரோடு இருந்தவரை எடுக்காமல், போனபிறகு அவசரமாக ஸ்டுடியோக்காரரைக் கூப்பிட்டார்கள். தாத்தாவை நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து, மாலை போட்டு, மகன்களும் மருமகள்களும் பேரன் பேத்திகளும் சுற்றி நின்றார்கள். பல குடும்பங்களில் எல்லாரும் சேர்ந்து நிற்கும் ஒரே படம் அதுதான்.

சுவரில் மாட்டி மாலை போடும் பழக்கத்தைச் சாமி படங்களிடமிருந்து கற்றோம் என்பது என் கணிப்பு. ஓவியர் ரவி வர்மாவின் அச்சகம் 1894-ல் பம்பாயில் ஜெர்மானியத் தொழில்நுட்பத்தோடு தொடங்கி, தெய்வங்களை வீடுவீடாகக் கொண்டுபோனது. தெற்கே அந்த வேலையைச் செய்தது தீப்பெட்டி! 1922-ல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் படித்து வந்தார்கள். பெட்டிக்கு லேபிள் ஒட்ட வேண்டியிருந்ததால் ஊரில் அச்சுத் தொழிலும் வளர்ந்தது. நாடகக் கம்பெனிக்குத் திரை எழுதப் போய்க் கோவில்பட்டியில் தங்கிவிட்ட கொண்டைய ராஜுவின் முருகனும் லட்சுமியும் அங்கே காலண்டராக அச்சேறினார்கள். அவரைப் பார்த்து வரைந்தவர்கள் ஏராளம். காலண்டர் முருகனுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்ட கடைக்காரரே தாத்தா படத்துக்கும் போட்டார். சாமிக்குப் போட்ட பூ பக்கத்துச் சட்டத்துக்கும் தாவியது.

சடங்கு வேண்டாம் என்ற சுயமரியாதைக் குடும்பங்களும் படத்தை விடவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்குப் பதிலாகப் படத்திறப்பு நடத்தினார்கள். திரை விலகுகிறது, உறவுகள் ஒவ்வொருவராக எழுந்து பேசுகிறார்கள். நம் காலம் கண்டுபிடித்த நல்ல விடைகொடுத்தல் இது என்பேன்.

படத்துக்குள் அடங்காத தாத்தாவும் உண்டு. குற்றாலத்தில் வாழ்ந்து 1954-ல் அங்கேயே மறைந்த தமிழறிஞர் ரசிகமணி டி.கே.சி.யைப் புகைப்படத்தில் பார்த்தால் மீசை தெரியும். கம்பன் பாட்டைச் சொல்லிச் சொல்லி ரசித்த குரல் கேட்காது. ஒரே மகன் தீத்தாரப்பன் தந்தைக்கு முன்பே போய்விட்டார். தாத்தாவைப் பற்றி எழுதும் வேலையைப் பேரன் தீப. நடராஜன் எடுத்துக்கொண்டார். நண்பர்களுக்கு டி.கே.சி. எழுதிய கடிதங்களும் புத்தகமாயின. அவற்றைப் படித்தால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது தெரியும்.

கடிதமும் இல்லை, ஸ்டுடியோவும் போகவில்லை என்ற தாத்தாக்களுக்கு, நினைத்தே பாராத ஓர் இடத்திலிருந்து உதவி வந்தது. சேஷன் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்தபோது, 1993-ல் புகைப்பட வாக்காளர் அட்டை வந்தது. கள்ள ஓட்டைத் தடுக்க எடுத்த அந்தச் சின்னப் படம்தான் எத்தனையோ விவசாயித் தாத்தாக்களின் ஒரே படம். இறந்தபின் அதைப் பெரிதாக்கி, மேல்துண்டு மட்டுமே போட்டவருக்குக் கம்ப்யூட்டரில் கோட்டும் டையும் மாட்டி, பின்னால் அருவி விழவைக்கிறார்கள். அந்தக் கோட்டைப் பார்த்து நான் ஒருபோதும் முகம் சுளித்ததில்லை. வாங்கித் தர முடியாமல் போனதைப் பிள்ளைகள் இப்போது போட்டுப் பார்க்கிறார்கள்.

தமிழ்நாட்டின் பழைய ஸ்டுடியோப் படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தேடிச் சேர்த்து மின்படிகளாக்கியிருக்கிறார்கள். பழைய படங்களில் முகம் தெளிவாகத் தெரியும், ஆள் யாரென்று சொல்லத்தான் வீட்டில் எவரும் இருக்கமாட்டார்கள். தர்ப்பணத்தில் பேர் தங்கியது, முகம் போயிற்று. படத்தில் நேர் எதிர். அடுத்தமுறை தூசி தட்டச் சட்டத்தைக் கழற்றும்போது பின் அட்டையில் தாத்தாவின் பேர், அவர் அப்பா பேர், ஊர், பிறந்த வருஷம் எல்லாம் எழுதிவையுங்கள். ஆச்சியின் பேரையும் சேர்த்துத்தான். மை கசியும், பென்சிலே போதும்.