மார்கழிக் குளிரும் எங்க வீட்டு ஜிலேபியும்

போன மார்கழில எங்க வீட்டு விரால் செத்துப் போச்சு. இதுக்கெல்லாம் ஒரு பதிவான்னு கேக்கப்படாது. அந்த விரால்ல ஆரம்பிச்சு நான் 1863 வரைக்கும் போயிட்டு வந்தேன், அந்தக் கதைதான் இது.

நம்ம வீடு திருப்பூர் காதர்பேட்டைல. முன்னால அப்பாவோட செகண்ட்ஸ் பனியன் கடை, பின்னால வீடு. துவைக்கிற கல்லுக்குப் பக்கத்துல ஒரு சிமெண்ட் தொட்டி, மூணடி ஆழம். அதுல ஒரு விரால், நாலு தங்கமீன், எப்படி வந்துச்சுன்னே தெரியாம பெருகிப்போன ஜிலேபிக் கூட்டம். நான் பெங்களூர்ல பொட்டி தட்டிட்டு இருக்கறதால மீனுக்கெல்லாம் அப்பாதான் கார்டியன்.

லீவுல வந்து பாத்தா விரால் உடம்புல செவப்பா புண்ணு. நாலே நாள்ல கதை முடிஞ்சுது. ஜிலேபிக்கு ஒண்ணுமே ஆகல. அப்பா வெறுத்துப்போயி, "இதையெல்லாம் கொண்டுபோயி நஞ்சராயன் குளத்துல உட்டுப்போடலாங் கண்ணு, புண்ணியமாப் போவும்"னார். எனக்கும் சரின்னுதான் பட்டுச்சு. சும்மா இருக்காம, நம்ம ஊரு குளிர்ல மீன் ஏன் சாகுதுன்னு படிக்க உக்காந்தேன். அங்க புடிச்சுது சனி :-)

முதல்ல ஊட்டி. கோயமுத்தூர் கலெக்டரா இருந்த ஜான் சல்லிவன் 1820-கள்ல அங்க ஏரிய வெட்டினார். வெள்ளைக்காரங்களுக்கு அந்தக் குளிர் ஊரு ஞாபகத்தக் கொடுக்க, ஊரு மீனும் வேணும்னு தோணிருக்கு. இந்திய மீன்களைப் பத்திப் பெரிய புத்தகம் எழுதின டாக்டர் பிரான்சிஸ் டே, 1863-ல ட்ரவுட் மீனக் கொண்டுவரப் பாத்துத் தோத்துட்டார். 1870-களை ஒட்டி டென்ச், க்ரூஷியன் கெண்டைன்னு ஐரோப்பா மீன்கள் நீலகிரி வந்துச்சு. ட்ரவுட் ஒருவழியா நிலைச்சது அடுத்த நூற்றாண்டுலதான். 1907-ல அவலாஞ்சில குஞ்சு பொரிப்பகமே வந்துருச்சு. அப்புறம் 1939-ல இலங்கைல இருந்து கண்ணாடிக் கெண்டை. செதில் அங்கங்க மட்டும் இருக்கற ஜெர்மன் வகை.

இதுல ஒரு விஷயம் கவனிங்க. அந்த ஜெர்மன் கெண்டை மலைத் தண்ணில நல்லாக் குஞ்சு பொரிச்சுது, சமவெளிக்கு எறங்குனா மக்கர். அதனால சமவெளிக்குன்னு 1957-ல பாங்காக் வகைக் கெண்டையத் தனியா வரவழைக்க வேண்டியதாப் போச்சு. மேட்டுப்பாளையத்துக்கு மேல ஒரு குளிர், கீழ ஒரு குளிர். எந்த மீன் எங்க தங்கும்கறத மனுசன் முடிவு பண்ணல, அந்தக் குளிர்தான் முடிவு பண்ணிருக்கு.

இப்போ நம்ம ஹீரோ ஜிலேபி. சொந்த ஊரு ஆப்பிரிக்காவோட தென்கிழக்குப் பக்கம். 1952-ல மண்டபத்துல இருந்த மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையம் பாங்காக்ல இருந்து கொண்டுவந்துச்சு. சோத்துக்கே பஞ்சமான காலம். சீக்கிரம் வளரும், எதையும் திங்கும், முட்டையத் தாயே வாயில வச்சுக் காப்பாத்தும். ஏழைக்குப் புரதம்னு நல்ல எண்ணத்துலதான் குளம் குளமா விட்டாங்க. விட்ட வேகத்துல அது பெருகுனதப் பாத்து, ஏழே வருசத்துல, 1959-ல, இனிப் பரப்ப வேண்டாம்னு மீன்வள ஆராய்ச்சிக் குழு தடை சொல்லுச்சு. யார் கேக்கறது? நம்ம அமராவதி அணை வரைக்கும் அதோட ராஜ்ஜியம் ஆயிருச்சு.

ஜிலேபிக்கு இருக்கற ஒரே வீக்னஸ் குளிர். தண்ணி 16 டிகிரிக்குக் கீழ போனா தீனி எடுக்காது, 10 டிகிரிய நெருங்குனா செத்துரும். ஊட்டி அதக் கொன்னுரும். திருப்பூர் மார்கழி கொல்லாது. எங்க தொட்டில தெர்மாமீட்டர் போட்டுப் பாத்தேன்: காலைல ஆறு மணிக்கு 20, மதியம் மூணுக்கு 27. ஜிலேபிக்கு இது ஜுஜுபி.

ஆனா விராலுக்கு? இங்கதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. 1988-ல வடகிழக்கு மாநிலங்கள் வழியா இந்தியாவுக்குள்ள ஒரு புண்நோய் வந்துச்சு. பூஞ்சை மாதிரியான ஒரு கிருமி. மழை முடிஞ்சு தண்ணி குளிர்ற காலந்தான் அதுக்குத் தோது. 18-ல இருந்து 22 டிகிரி வரைக்கும் அதுக்குக் கொண்டாட்டம். மீனுக்குன்னு தனியா உடம்புச் சூடு கிடையாது, தண்ணி குளிர்ந்தா அதோட எதிர்ப்புசக்தியும் மந்தமாயிரும். விரால் இதுக்கு மொத பலி. ஜிலேபி அசையறதே இல்ல. எங்க விராலுக்கு வந்தது அதுதானான்னு லேப்ல பாத்தாத்தான் தெரியும். ஆனா நம்ம இளங்குளிர் யார் பக்கம்னு மட்டும் புரிஞ்சுபோச்சு. வந்தேறிக்கு வலிக்காது, மண்ணின் மைந்தனுக்கு வலிக்கும்.

அப்பாகிட்டச் சொன்னேன், "குளத்துல உட வேண்டாங்ப்பா."

"ஏஞ்சாமி, அங்க இல்லாத ஜிலேபியா?"

நியாயமான கேள்விதான். ஆனா நஞ்சராயன் குளம் இப்ப சும்மா குளம் இல்ல. 2022-ல பறவைகள் சரணாலயம், 2024-ல ராம்சார் தளம். நாம ஊத்தறது மீன மட்டும் இல்ல, புண்ணு வந்த தொட்டித் தண்ணியவும் சேத்துத்தான். ஊட்டி துரைமாருங்களும் மண்டபத்துக்காரங்களும் கெடுக்கணும்னு நெனச்சா விட்டாங்க? எல்லாருக்கும் புண்ணியக் கணக்குதான். அப்பா கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல.

பெரிய ஜிலேபியெல்லாம் பக்கத்து வீட்டுக் கொழம்புக்குப் போச்சு. (இது நல்ல தண்ணில வளந்த மீன். நொய்யல் சாயத்தண்ணிக் கதைய இதுல சேக்கல, அது தனிப்பதிவு.) மத்த மீனுக்கு நாங்க கத்துக்கிட்டது:

- மார்கழில காலங்காத்தால தீனி போடாதீங்க. வெயில் ஏறி பதினோரு மணிக்கு மேல, வழக்கத்துல பாதி போதும். திங்காம மிஞ்சுனா அள்ளிருங்க.
- போர் தண்ணி காலைல வெதுவெதுப்பா இருக்கேன்னு மொத்தமா மாத்தாதீங்க. திடீர்னு சூடு மாறுறதுதான் மீனுக்கு ஆபத்து. அதுல ஆக்ஸிஜனும் கம்மி. உயரத்துல இருந்து விழ விட்டு, கொஞ்சங் கொஞ்சமா ஊத்துங்க.
- ஆழம் கம்மியான தொட்டிதான் சீக்கிரம் குளிரும். ராத்திரி பாதியாவது மூடி வைங்க. முழுசா மூடாதீங்க, காத்து வேணும்.
- புண்ணு தெரிஞ்ச மீனத் தனி வாளிக்கு மாத்துங்க.

இந்த மார்கழில தொட்டிய எதால மூடுனார்னு நெனைக்கறீங்க? கடைல மிஞ்சுன பனியன் துணிதான். போன வாரம் போன்ல கேட்டார், "பொங்கலுக்கு வாறப்ப ஒரு விராக்குஞ்சு வாங்கியாறியா?" குளிர் போகட்டுங்ப்பா, மாசி பொறந்து வாங்கலாம்னு சொல்லிருக்கேன்.

உங்க ஊருக் குளத்துல விரால் இன்னும் இருக்கா மக்களே? பெரியவங்ககிட்டக் கேட்டுச் சொல்லுங்க.