தள்ளுபடி ஆகமங்கள்

எங்க ஊர்ப்பக்கம் 'தள்ளுபடி'ன்னா முதல்ல ஞாபகம் வர்றது பட்டாசுதான். தீபாவளிக்கு ரெண்டு மாசம் முன்னாடி சிவகாசி ரோட்டுல வந்து பாருங்க, கடைக்குக் கடை போர்டு தொங்கும். (போட்டிருக்கிற விலை நிஜ விலை இல்லைன்னு விக்கிறவருக்கும் தெரியும், வாங்குறவருக்கும் தெரியும். அது தனிப் பதிவுக்கான மேட்டர்.) ரெண்டாவது தள்ளுபடி கோர்ட்டுல, மனு தள்ளுபடி. மூணாவதா ஒண்ணு இருக்கு: தள்ளுபடி ஆகமங்கள். பைபிளுக்குள்ள இடம் கிடைக்காத புத்தகங்களுக்குத் தமிழ்ல சீர்திருத்த சபைக்காரங்க வழங்குற பேரு.

விருதுநகர் மாவட்டத்துல ஆர்.சி. வீடும் சி.எஸ்.ஐ. வீடும் அடுத்தடுத்து இருக்கிறது சாதாரணம். சிவகாசியை ஒட்டியே சாட்சியாபுரம் இருக்கு. அந்தப் பக்கம் மிஷன் வேலை பார்த்த ராக்லாந்து ஐயர் 1858-ல் சிவகாசியிலேயே காலமானவர். ரெண்டு வீட்டுலயும் பைபிள் உண்டு. பொருளடக்கத்தை எண்ணிப் பாருங்க: சி.எஸ்.ஐ. வீட்டுல 66, ஆர்.சி. வீட்டுல 73. புதிய ஏற்பாடு ரெண்டிலும் அதே 27தான். வித்தியாசம் முழுக்க பழைய ஏற்பாட்டுப் பக்கம்: தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக்கின் ஞானம், பாரூக்கு, மக்கபேயர் ரெண்டு. எஸ்தர், தானியேல் புத்தகங்கள்லயும் சில பகுதிகள் கூடுதல்.

ஏழு புத்தகம் கூடக்குறைய இருந்தா என்ன குடியா முழுகிடும்னு கேக்கலாம். எங்க ஊர்ல இது சாவு வீட்டு வாசல் வரைக்கும் வர்ற கேள்வி. பட்டாசு ஆலையில வெடி விபத்துன்னு செய்தி வராத வருஷம் அபூர்வம். பூசையோ பாவசங்கீர்த்தனமோ இல்லாம, காலையில டிபன் பாக்ஸோட போன ஆள் போயே போயிட்டாரு. அவருக்காக இனி யாராவது கடவுள்கிட்ட மன்றாட முடியுமா? ஆர்.சி. வீட்டுல முடியும்னு சொல்வாங்க. பூசை ஒப்புக்கொடுப்பாங்க, நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தி ஏத்துவாங்க. சி.எஸ்.ஐ. வீட்டுல அவரோட வாழ்க்கைக்காக நன்றி சொல்வாங்க, குடும்பத்துக்கு ஆறுதல் கேட்டு ஜெபிப்பாங்க. செத்தவரோட பாவம் தீரணும்னு வேண்டுறது அங்க வழக்கமில்லை. கலப்புக் கல்யாணம் நடந்த வீடா இருந்தா, பூசைக்குப் பணம் கட்டலாமா கூடாதான்னு அண்ணன் தம்பிக்குள்ள மனஸ்தாபம் வரைக்கும் போகும்.

ஆர்.சி. பக்கம் காட்டுற முக்கியமான ஆதாரம் 2 மக்கபேயர் 12-ஆம் அதிகாரம். போரில் செத்த வீரர்களை அடக்கம் பண்ணப் போனா, உடுப்புக்குள்ள வேற தெய்வத்துத் தாயத்து இருக்கு. யூதா மக்கபே வசூல் பண்ணி, 2000 வெள்ளி திராக்மாவை எருசலேமுக்கு அனுப்பி, அவங்க பாவத்துக்காகப் பலி கொடுக்கச் சொல்றாரு. அந்தப் புத்தகம் உள்ள இருந்தா ஒரு பதில், வெளியே இருந்தா இன்னொரு பதில்.

அப்ப யாரு இதை உள்ள வெச்சது, யாரு வெளிய தள்ளினது? டாவின்சி கோட் புண்ணியத்துல நிறைய பேர்கிட்ட ரெடிமேட் பதில் இருக்கு: கான்ஸ்டன்டைன் ராஜா, நிசேயா கூட்டம், 325-ஆம் வருஷம், ஓட்டெடுப்பு. (2006-ல் நம்ம மாநிலத்துல அந்தப் படத்துக்குத் தடை போட்டாங்க, ஹைகோர்ட் அந்தத் தடையை ரத்து பண்ணிச்சு. தடை போட்டதாலயே கதை ஜோரா பரவிச்சுன்னு நினைக்கிறேன்.) நிசேயாவுல சண்டை ஆரியூஸ் சொன்ன கொள்கையைப் பத்தியும் ஈஸ்டர் தேதியைப் பத்தியும்தான். அங்க போட்ட 20 விதிகள்ல புத்தகப் பட்டியலே கிடையாது.

நடந்தது ரொம்ப மெதுவா நடந்த விஷயம். 144 வாக்கில் ரோம்ல மார்சியோன்னு ஒருத்தர், வெட்டின லூக்காவும் பவுலோட 10 கடிதமும் போதும், பழைய ஏற்பாடே வேண்டாம்னு தனக்குன்னு ஒரு பட்டியல் போட்டாரு. மத்தவங்களுக்கும், அப்ப நம்ம பட்டியல் எதுங்கிற கேள்வி சூடு பிடிச்சது. 200 வாக்கில் அந்தியோக்கியா பிஷப் செராபியோன் கதைதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. ரோசஸ்ங்கிற ஊர்ச்சபையில பேதுரு சுவிசேஷம்னு ஒண்ணைப் படிக்கலாமான்னு தகராறு. இவரு சரியாப் படிக்காமலே 'படிச்சுக்கோங்க'ன்னுட்டாரு. அப்புறம் வாங்கிப் படிச்சா, பெரும்பகுதி சரி, நடுநடுவே இயேசுவுக்கு நிஜ உடம்பே இல்லைங்கிற கட்சிக்காரங்க சரக்கு. அனுமதி வாபஸ். பேதுரு பேர் போட்டிருந்தா மட்டும் பத்தாது, நமக்கு வழிவழியா வந்த புத்தகமா இருக்கணும்னு எழுதி வெச்சாரு.

வழிவழியா வந்ததா, எல்லா ஊர்ச்சபையிலும் ஞாயித்துக்கிழமை சத்தமா வாசிக்கிறாங்களா, இதுதான் உரைகல். முராத்தோரிங்கிற இத்தாலிக்காரர் 1740-ல் வெளியிட்ட பழைய பட்டியல் துண்டு ஒண்ணு இருக்கு. 2-ஆம் நூற்றாண்டுன்னு பலரும், 4-ஆம் நூற்றாண்டுன்னு சிலரும் சொல்றாங்க. அதுல ஹெர்மாஸின் மேய்ப்பன்ங்கிற புத்தகத்தை வீட்டுல படி, கோயில்ல வாசிக்காதே, ஏன்னா அது நேத்து எழுதினதுன்னு காரணத்தோட போட்டிருக்கு. ஆனா 4-ஆம் நூற்றாண்டு சினாய் கையெழுத்துப் பிரதியில அதே ஹெர்மாஸ் புதிய ஏற்பாட்டோட சேத்துத் தைச்சே இருக்கு. சிவகாசிக்காரனுக்கு இது உடனே புரியும். தனித்தனிச் சுருளா இருந்த வரைக்கும் எது உள்ள, எது வெளியேன்னு சும்மா பேசிட்டிருக்கலாம். ஃபாரம் மடிச்சு, அடுக்கி, தைச்சு, அட்டை ஒட்டணும்னு வந்தா பைண்டர் கேப்பாரு: இது உண்டா இல்லையா, சொல்லுங்க. இன்னைக்கு இருக்கிற அதே 27 புத்தகங்களும் ஒரு பட்டியல்ல வர்றது 367-ல், அலெக்சாந்திரியா அத்தனாசியுஸ் ஈஸ்டருக்கு எழுதின சுற்றறிக்கையில.

வெளியே நின்னதுல நமக்கு வேண்டப்பட்ட ஆள் ஒருத்தர் உண்டு. தோமா நடபடிகள், 3-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துல சிரியா பக்கம் எழுதினது. தோமா அடிமையா விக்கப்பட்டு இந்தியா வர்றாரு. குந்தபோரஸ் ராஜா அரண்மனை கட்டக் கொடுத்த பணத்தை ஏழைகளுக்குக் கொடுத்துட்டு, உங்க அரண்மனை சொர்க்கத்துல ரெடிங்கிறாரு (நம்ம ஊர் காண்டிராக்டர்கள் கவனிக்க). 6-ஆம் நூற்றாண்டு கெலாசியுஸ் பேர்ல வந்த பட்டியல் இதை ஒதுக்கிடுச்சு. ஆனா தோமா இந்தியாவுல வேலை செஞ்சு இங்கயே உயிர்விட்டாருன்னு விரிவாச் சொல்ற மிகப் பழைய எழுத்து இதுதான். மயிலாப்பூர் பேர் அதுல இல்லை. பரங்கிமலைக் கதை பின்னாடி வந்த மரபு. ராஜாவே கற்பனைன்னு ரொம்ப நாள் நினைச்சிருந்தாங்க. 19-ஆம் நூற்றாண்டுல அவர் பேர் பொறிச்ச காசுகள் வடமேற்குல கிடைச்சது.

மலைக்கு அந்தப் பக்கம் கேரளா கதை இதுக்கு நேரெதிர். அங்க இருந்த சிரியாக் பைபிள்ல புதிய ஏற்பாடு 22 புத்தகம்தான். 2 பேதுரு, 2, 3 யோவான், யூதா, வெளிப்படுத்தல் கிடையாது. நூறு நூறு வருஷமா அது பத்தாதுன்னு அங்க யாரும் நினைக்கலை. 1599 ஜூன்ல உதயம்பேரூர்ல கோவா ஆர்ச்பிஷப் மெனசஸ் கூட்டின சபை, குறையிற புத்தகங்களைச் சேருங்கன்னு உத்தரவு போட்டுச்சு. இயேசுவோட குழந்தைப் பருவக் கதை உள்பட பல சிரியாக் நூல்களை ஒப்படைக்கச் சொல்லி, தீயிலயும் போட்டாங்க. பட்டியல் முடிவானதுக்கு அப்புறம் வேற ஊருக்குப் போறப்ப அது எவ்வளவு முரடா மாறுதுன்னு இதைப் படிச்சப்பதான் எனக்கு உறைச்சது.

இப்ப நம்ம ஏழு புத்தகத்துக்கு வருவோம். இதெல்லாம் யூதர்களோட கிரேக்கத் திருப்புதல்ல இருந்தவை, எபிரேயத் தொகுப்புல இல்லாதவை. 400 வாக்கில் ஜெரோம் எபிரேயத்துல இல்லாதது வேதமில்லைன்னாரு. அகஸ்டின் சபை வாசிக்குது, அது போதும்னாரு. தகராறு முத்தாமலே 1100 வருஷம் ஓடிச்சு. 1519-ல் லைப்சிக் விவாதத்துல எக் உத்தரிக்கிற ஸ்தலத்துக்கு ஆதாரமா 2 மக்கபேயரைக் காட்ட, அந்தப் புத்தகமே பட்டியல்ல இல்லைன்னு லூத்தர் பதில் சொன்னாரு. செத்தவங்களுக்காக வேண்டலாமாங்கிற சண்டைதான் பட்டியல் சண்டையா மாறிச்சு. 1546-ல் திரெந்து சங்கம் அந்தப் புத்தகங்களும் வேதமேன்னு சாசனம் போட்டுடுச்சு.

ஆனா லூத்தர் அதைத் தூக்கி எறியலை. 1534 ஜெர்மன் பைபிள்ல ரெண்டு ஏற்பாட்டுக்கும் நடுவுல, வேதத்துக்குச் சமமில்லை ஆனா படிக்க நல்லதுன்னு குறிப்போட வெச்சாரு. அதனாலதான் தரங்கம்பாடியில லூத்தரன்காரங்களே அதைத் தமிழ்ல அச்சடிச்சாங்க. சீகன்பால்கு புதிய ஏற்பாட்டை 1714-15-ல் அச்சேத்தி, பழைய ஏற்பாட்டுல ரூத் வரைக்கும் முடிச்சு 1719-ல் போய்ச் சேர்ந்தாரு. மிச்சத்தை முடிச்சவர் சூல்ட்சே. 1728-ல் வந்த கடைசிப் பகுதி இந்தத் தள்ளுபடி ஆகமங்கள்தான். ஆக, தமிழ்ல அச்சான முதல் முழு பைபிள் சீர்திருத்தக்காரங்க போட்டது, அதுல மக்கபேயரும் உண்டு!

பின்ன எப்ப காணாமப் போச்சு? பெரிய காரணம் பணம். 1804-ல் லண்டன்ல ஆரம்பிச்ச வேதாகமச் சங்கம் உலகம் முழுக்க பைபிள் அச்சுக்குப் பணம் கொடுத்துச்சு. எங்க காணிக்கையில தள்ளுபடி புத்தகமான்னு ஸ்காட்லாந்துக்காரங்க கொந்தளிக்க, 1826-ல் அந்தப் புத்தகங்கள் இருக்கிற பைபிளுக்குக் காசு தர்றதில்லைன்னு முடிவாச்சு. 1871-ல் பவர் ஐயர் குழு முடிச்சு, இன்னைக்கும் சி.எஸ்.ஐ. வீடுகள்ல புழங்குற தமிழ் பைபிள் அந்தச் சங்கத்து வழியில வந்தது. பொருளடக்கம் 66.

அந்தச் சங்கங்களும் வத்திக்கானும் சேர்ந்து மொழிபெயர்க்க ஒப்புக்கிட்டது 1968-ல். அதுக்கப்புறம் இங்க ரெண்டு தரப்பு ஆட்களும் சேர்ந்து உட்கார்ந்து செஞ்ச பொது மொழிபெயர்ப்பு 1995-ல் வந்துச்சு. அந்தத் திருவிவிலியத்துல ஏழு புத்தகத்துக்கும் பேரு தள்ளுபடி இல்லை, இணைத்திருமுறை. இடம் அதே பழைய இடம்தான், பழைய ஏற்பாடு முடிஞ்சு புதிய ஏற்பாடு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, லூத்தர் 1534-ல் வெச்ச அதே நடு வாசல்ல.