கியோகா நகமுரா

கியோகா நகமுரா (பிறப்பு: 1996) ஜப்பானில் பிறந்து, சிங்கப்பூர்த் தேசியக் குழுவுக்கு ஆடும் நடுத்திடல் ஆட்டக்காரர். அவருடைய சிங்கப்பூர் வாழ்க்கை ஜூரோங்கில் தொடங்கியது.

ஜூரோங்கில் ஜப்பானியரின் தடம் பழையது. 1963இல் இஷிகாவாஜிமா-ஹரிமா நிறுவனத்தின் கூட்டுடன் அங்கே கப்பல் பட்டறை எழுந்தது. காற்பந்து வந்தது 2004இல்: ஜப்பானின் நீகாடா நகரைச் சேர்ந்த ஆல்பிரெக்ஸ் மன்றம் தன் கிளைக்குழுவைச் சிங்கப்பூர் லீக்கில் சேர்த்து, பின்னர் ஜூரோங் கிழக்கு விளையாட்டரங்கைத் தாயகமாக்கிக்கொண்டது. ஏறக்குறைய முழுக்க ஜப்பானிய இளைஞர்களைக் கொண்ட அக்குழு 2016இல் லீக் பட்டம் உட்பட உள்ளூரின் நான்கு கிண்ணங்களையும் வென்றது. 2018இல் ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் லீக்கை முடித்தது. வெளியாட்கள் கிண்ணங்களை அள்ளிச் செல்கிறார்களே என்ற மனத்தாங்கல் உள்ளூர் ரசிகர்களுக்கு இருந்தது. அதில் நியாயமும் உண்டு. ஆனால் பயிற்சி ஒழுங்கில் மற்றக் குழுக்களுக்கு அளவுகோலாக நின்றதும் ஆல்பிரெக்ஸ்தான்.

அங்கு ஆடியவர்களில் பலர் ஓரிரு பருவங்களில் நாடு திரும்பினர். 2019இல் வந்த நகமுரா தங்கிவிட்டார். மறு ஆண்டே தெம்பனிஸ் ரோவர்ஸ் குழுவுக்கு மாறினார். நடுத்திடலில் நிற்பவரின் உழைப்பு எளிதில் கண்ணில் படுவதில்லை: எதிரணியின் பந்தை இடைமறிப்பது, தற்காப்பிலிருந்து வரும் பந்தை வாங்கித் திருப்புவது, ஆட்டத்தின் வேகத்தைக் கூட்டுவது, குறைப்பது. கோலடிப்பவரைப் போல ஒரே இரவில் அவர் புகழ் பெறவில்லை. வாரந்தோறும் அரங்குக்கு வந்த ரசிகர்களே முதலில் அவரைக் கொண்டாடினர். அதனால்தான் அந்தப் புகழ் நிலைத்தது.

குடும்ப வேர் ஏதும் இல்லாத ஒரு நாட்டுக்குப் பதினெட்டு வயதுக்குப் பின் குடியேறியவர் அதன் தேசியக் குழுவில் ஆட, ஐந்தாண்டுகள் அந்நாட்டில் வாழ்ந்திருக்க வேண்டும் என்பது ஃபிஃபா விதி. குடியுரிமையும் வேண்டும். சிங்கப்பூர் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. பிறந்த நாட்டின் கடப்பிதழைத் துறந்தாக வேண்டும். நகமுரா 2024இல் சிங்கப்பூரரானார். தென்கொரியாவில் பிறந்த சோங் உய்-யோங் 2021இல் இதே வழியில் வந்தவர்.

2024 டிசம்பரில் ஆசியான் வெற்றியாளர் போட்டியில் சிங்கப்பூர் அரையிறுதிவரை முன்னேறியது. அப்போதைய தேசியப் பயிற்றுநர் சுதோமு ஒகுராவும் ஜப்பானியர். வியட்னாமிடம் 0-2, 1-3 எனத் தோற்று வெளியேறினாலும், இரண்டாம் ஆட்டத்தில் சிங்கப்பூரின் ஒரே கோலை அடித்தவர் நகமுரா. குடியுரிமைக்காக அவர் கொடுத்த விலையைப் பலர் உணர்ந்தது அந்த மாதத்தில்தான்.

ஆல்பிரெக்ஸும் 2024-25 பருவத்திலிருந்து உள்ளூர்க் குழுக்களுக்குரிய விதிகளை ஏற்று ஆடத் தொடங்கியது.