பிறந்த ஆண்டைத் தொலைத்த பாட்டு



நோன்புப் பெருநாள் கழிந்த ஓர் இரவு. அக்குறணை ஏழாம் கட்டையில் ஒரு தேநீர்க்கடை. இஷாத் தொழுகை முடிந்து நாலைந்து பேர் அமர்ந்திருந்தோம். என் சகோதரியின் மகன் தன் கைத்தொலைபேசியை மேசைமேல் வைத்து ஒரு பாட்டை ஒலிக்கவிட்டான்.

முதலில் 'டக்' என்று ஒரு சத்தம். பழைய கஸட் பெட்டியின் பொத்தானை அமுக்கினால் கேட்குமே, அதே சத்தம். பிறகு நாடாவின் இரைச்சல். அதன் பின்னால் ஓர் ஓர்கனும் கிற்றாரும். பாட்டோ எல்லோருக்கும் தெரிந்த 'மெனிகே மகே ஹிதே'. ஆனால் அது கிழப்பருவம் எய்தி வந்திருந்தது. கூடவே ஒரு கதையும் இருந்தது. மருமகன் அதை வாசித்தான். 1974இல் கண்டியில் ஓர் இசைக்குழு இதைப் பாடியதாம். தொலைக்காட்சியிலும் ஒருமுறை தோன்றியதாம். பாடிய பெண் கடல் கடந்து போய்விட்டாளாம். ஒலிநாடா ஒரு தகரப் பெட்டியில் அகப்பட்டதாம். 2021இல் உலகம் கேட்டது இதன் நகல்தானாம்.

மூலையில் இருந்த முதியவர் ஒருவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "ஓ, இந்தப் பாட்டு அந்தக் காலத்துப் பாட்டுத்தான். எண்ட கலியாணத்துக்கு முந்தியே ரேடியோவுல கேட்டிருக்கேன்" என்றார். சத்தியம் செய்யாத குறை.

எனக்கு ஒன்று இடித்தது. 1974இல் இந்த நாட்டில் தொலைக்காட்சி ஏது? முதல் ஒளிபரப்பே 1979 ஏப்ரலில்தான் தொடங்கியது. வீடு திரும்பும் வழியில் மருமகனைக் கேட்டேன். சிரித்துவிட்டான்.

"நான்தான் மாமா செஞ்சேன். கதையும் நான் எழுதினதுதான். வெளையாட்டுக்கு."

செய்த விதத்தையும் விளக்கினான். புதிய தாள ஒலியை நீக்கிப் பழைய தாளப்பெட்டியின் ஒலியை வைப்பது, கஸட் நாடாவில் தேய்ந்துபோகும் மிக உயர்ந்த, மிகத் தாழ்ந்த ஒலிகளைக் கத்தரிப்பது, இரைச்சலைச் சேர்ப்பது, தேய்ந்த மோட்டாரில் நாடா ஓடுவதுபோலச் சுருதியைச் சற்றே ஆட்டுவது. கைவேலை என்ற வகையில் பாராட்டத்தான் வேண்டும். எனினும் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கண்ணில் நின்றது அந்த முதியவரின் முகம். இல்லாத ஒரு பாட்டை அவர் தம் இளமைக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டாரே!

இத்தகைய விளையாட்டு புதிதன்று. ஃபிரிட்ஸ் கிரைஸ்லர் என்ற வியன்னா நகரத்து வயலின் மேதை, புக்ஞானி, கூப்பரேன் முதலிய பழைய இசைவாணர்களின் ஆக்கங்கள் என்று சொல்லிப் பல உருப்படிகளை நெடுங்காலம் வாசித்துவந்தார். தென் பிரான்சில் ஒரு துறவி மடத்தில் ஏடுகள் கிடைத்தன என்று கதையும் சொன்னார். 1935இல் நியூயோர்க் பத்திரிகை விமர்சகர் ஒருவர் துருவிக் கேட்டபோது, எல்லாம் தாமே இயற்றியவை என்று ஒப்புக்கொண்டார். விமர்சகர்கள் சிலர் சினந்தார்கள். இசை மடியவில்லை. 'இன்னாருடைய பாணியில்' என்ற சிறு தொடருடன் அவை இன்றும் வாசிக்கப்படுகின்றன.

நம்மிடையே இது இல்லையா? தனிப்பாடல் திரட்டுகளைப் புரட்டிப் பாருங்கள். கம்பர் பாடினார், ஒட்டக்கூத்தர் மறுத்தார், ஒளவையார் குறுக்கிட்டார் என்று ஒவ்வொரு வெண்பாவுக்கும் ஒரு கதை. அஷ்டாவதானம் வீராசாமிச் செட்டியாரின் 'வினோதரசமஞ்சரி' அத்தகைய கதைகளைச் சுவையாகச் சொன்னது. காலத்தால் வேறுபட்ட புலவர்களும் அங்கே ஒரே சபையில் அமர்ந்து வாதிடுகிறார்கள். நாம் இரசித்தோம், ஆனால் அப்பாடல்கள் பலவற்றை உண்மையில் பாடியவர் பெயர் இன்று எவருக்கும் தெரியாது. கதை வாழ்ந்தது, பாடியவன் மறைந்தான்.

இலங்கையின் பொப்பிசைக்கும் இந்த ஆபத்து நேர்ந்ததுண்டு. 'சிலோன் மனோகர்' எனப்பட்ட ஏ. ஈ. மனோகரன் பாடிப் புகழ்பெற்ற 'சுராங்கனி', கடல் கடந்து 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' என்ற தமிழ்ப் படத்திலும் ஒலித்தது. அது சினிமாவில் பிறந்த பாட்டு என்றே எண்ணுவோர் தமிழகத்தில் உண்டு. மனோகரன் 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார்.

'மெனிகே'யின் கதையோ நம் கண்முன் நடந்தது. 2020இல் சதீஷன் ரத்நாயக்க பாடி வெளிவந்தது. வரிகள் துலான் ஏஆர்எக்ஸ், இசை சமத் சங்கீத். 2021 மே மாதம் யொஹானியும் சதீஷனும் சேர்ந்து பாடியபோதுதான் இந்தியாவும் உலகமும் திரும்பிப் பார்த்தன. 2022இல் ஹிந்திப் படமொன்றிலும் அது இடம்பெற்றது. ஓராண்டுக்குள்ளேயே முதல் பதிப்பைப் பலர் மறந்துவிட்டார்கள். இந்நிலையில் 1974 என்று ஒரு பொய்ப் பிறப்புச் சான்றும் எழுதிவிட்டால், அந்த இளைஞர்களின் உழைப்பு எங்கே போகும்? படைத்தவர்கள் நகலெடுத்தவர்களாகிவிடுவார்களே!

மறுநாள் மருமகனிடம் இதைச் சொன்னேன். அவன் விடவில்லை.

"அப்ப நம்மட ஊர்க் கதை மட்டும் என்ன மாமா?"

நியாயமான கேள்விதான். இரண்டாம் இராஜசிங்கன் காலத்தில் அரபிகள் மூவர் கண்டிக்கு வந்தார்கள், போர்த்துக்கேயரோடு நடந்த போரில் மன்னனுக்குத் துணைநின்றார்கள், கண்டிச் சிங்களப் பெண்களை மணந்து அக்குறணையில் குடியேறினார்கள் என்பது எங்கள் ஊரின் பாரம்பரியக் கதை. சிறு வயதில் நானும் வாய் பிளந்து கேட்டதுதான். மெனிகே என்பது இன்றும் கண்டிப் பெண்களின் பெயரில் வரும் சொல். அப்பாட்டைக் கேட்கையில் எனக்கு அந்தப் பழைய மணப்பெண்கள் நினைவுக்கு வருவதும் உண்டு.

ஆனால் எங்கள் மூத்தவர்கள் அதைச் சொன்ன முறையைக் கவனியுங்கள். ஒவ்வொரு வசனத்தின் முடிவிலும் ஒரு 'ஆம்' இருந்தது. வந்தார்களாம், நின்றார்களாம், மணந்தார்களாம். கேட்பவனுக்கு அது ஒரு கதவு. நம்பலாம், தேடிப் பார்க்கலாம். அக்கதை யாருடைய பெயரையும் அழித்துவிட்டு அந்த இடத்தில் வந்து அமரவில்லை.

மருமகன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு கைத்தொலைபேசியை எடுத்து, கதையின் தலைப்பில் 'கற்பனை' என்று எழுதினான். கீழே பாட்டின் ஆண்டையும், படைத்தவர்களின் பெயர்களையும், கடைசியில் தன் பெயரையும் சேர்த்தான். பாட்டின் இனிமை ஓர் இழையும் குறையவில்லை.

அடுத்த வாரம் தேநீர்க்கடையில் அம்முதியவரிடம் இருவருமாக உண்மையைச் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க சொல்றது சரியா இருக்கும் தம்பி" என்றார். "ஆனா நான் அத அப்பயே கேட்டேன்."

மருமகன் என்னைப் பார்த்தான். நான் மூவருக்கும் இன்னொரு தேநீர் சொன்னேன்.