கஃபீலும் ஸ்பான்சரும்

ரியாத்தில் கட்டட வேலை பார்க்கும் ராமநாதபுரத்துக்காரரையும் டெக்சாஸில் மென்பொருள் எழுதும் கோவைக்காரரையும் ஒரே வரிசையில் நிறுத்தினால் இருவருக்கும் பிடிக்காது. முன்னவர் அடுக்குக் கட்டில் போட்ட கேம்ப் அறையில் படுக்கிறார். பின்னவர் கடன் போட்டுச் சொந்த வீடே வாங்கியிருக்கக்கூடும். சம்பளத்திலும் மரியாதையிலும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் இருவரின் அனுமதியும் ஒரு முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டிருக்கிறது. அவரிடம் வேலை போனால், நாட்டில் தங்கும் உரிமையும் ஆட்டம் காண்கிறது. வெளியாட்கள் நம் வேலையைப் பறிக்கிறார்கள் என்று அங்கே எழும் கோபத்துக்கும், நம்மவர்கள் அங்கே படும் பாட்டுக்கும் இந்தக் கட்டே காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வளைகுடாவில் இதற்குக் கஃபாலா என்று பெயர். ஆளை வரவழைப்பவர் கஃபீல். இக்காமா என்ற தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டியவர் அவர்தான். வேறு கம்பெனிக்கு மாற அவர் ரிலீஸ் தரவேண்டும், ஊருக்கு வரவும் அவர் சம்மதம் வேண்டும் என்பதே நெடுங்காலம் சவூதி, கத்தார் நடைமுறை. மனம் கசந்து வெளியேறினால் ‘ஹுரூப்’, அதாவது ஓடிப்போனவர் என்று புகார் பதிவாகும். நேற்றுவரை சட்டப்படி இருந்தவர் அதன்பின் பிடிபட்டால் சிறை, நாடுகடத்தல். பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்வது அங்கும் சட்டவிரோதம்தான், இருந்தும் நடக்கிறது. இதற்கெல்லாம் மேலே கடன். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் மட்டுமே என்கிறது இந்திய விதி. ஊரில் விசாவுக்கென்று கைமாறும் பணம் பல நேரம் அதைப்போலப் பல மடங்கு. மனைவியின் நகையை அடகு வைத்துப் போனவர், பேசிய சம்பளத்தைத் தரவில்லை என்று யாரிடம் சண்டை போடுவார்?

அமெரிக்காவின் ஹெச்1பி வேலை விசா 1990ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. ஆண்டுக்கு 65,000 பேர், அங்கேயே மேற்படிப்பு முடித்தவர்களுக்குக் கூடுதலாக 20,000. மூன்று ஆண்டு, நீட்டித்தால் ஆறு. இப்படி ஆள் எடுக்கும் நிறுவனம் அதைப் பணியிடத்தில் அறிவிக்க வேண்டும். காகிதமாக ஒட்டினால், கண்ணில் படும்படி இரண்டு இடங்களில் 10 நாள் இருக்கவேண்டும். என்ன வேலை, எந்த ஊர், எவ்வளவு சம்பளம் என்று அதில் இருக்கும். காபி எடுக்கப் போகும் அமெரிக்க ஊழியர் அதைப் படிக்கிறார். அந்தச் சம்பளத்துக்கு அரசு வகுத்த படிகள் நான்கு. பல ஆண்டுகளாக இருந்துவரும் கணக்கில், அவ்வூரில் அதே வேலை செய்யும் 100 பேரைச் சம்பள வரிசையில் நிறுத்தினால், முதல் படி கீழிருந்து 17ஆம் ஆளின் சம்பளம். இரண்டாம் படி 34ஆம் ஆளுடையது. இரண்டுமே நடு ஆளுக்குக் கீழே. அந்த அமெரிக்க ஊழியரின் கோபத்தை வெறும் இனவெறி என்று நாம் ஒதுக்கிவிடுவது நியாயமில்லை.

ஃபுளோரிடாவின் டிஸ்னி வேர்ல்டில் 2014 இறுதியில் சுமார் 250 கணினி ஊழியர்களுக்கு வேலை போகும் என்று சொல்லப்பட்டது. போவதற்குமுன், தங்கள் இடத்துக்கு வந்தவர்களுக்கு அவர்களே வேலை கற்றுத்தர வேண்டியிருந்தது. கற்றுக்கொள்ள வந்தவர்களில் இந்திய அவுட்சோர்சிங் நிறுவனங்களின் ஹெச்1பி ஊழியர்களும் உண்டு. ஹெச்1பியை அதிகம் நம்பியிருக்கும் நிறுவனங்கள் உள்ளூர் ஆளை நீக்கக்கூடாது என்று 1998இல் ஒரு கட்டுப்பாடு வந்தது. கூடவே, ஆண்டுச் சம்பளமாக 60,000 டாலர் கொடுத்தால் விலக்கு என்ற வாசலும் திறந்தது. கால் நூற்றாண்டு கடந்தும் அந்தத் தொகை உயரவில்லை.

முதலில் சொன்ன இருவரின் பயம் மட்டும் எதிரெதிர். சவூதியில் இருப்பவருக்கு, ஊருக்கு விடமாட்டார்களோ என்று. டெக்சாஸ்காரருக்கு, ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்று. வேலை போனால் அவருக்கு அதிகபட்சம் 60 நாள் அவகாசம். அதுவும் 2017இல்தான் விதியானது. வேறு நிறுவனம் மனுப் போட்டவுடனே அங்கே சேரலாம் என்று 2000ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதித்தது உண்மை. ஆனால் கிரீன் கார்டு எந்த ஒரு நாட்டவருக்கும் ஏறத்தாழ 7 விழுக்காட்டுக்கு மேல் கிடைக்காது என்பதால் இந்தியர்களின் வரிசை பத்தாண்டுகளையும் தாண்டி நீள்கிறது. நடுவில் நிறுவனம் மாறினால், வரிசையில் பிடித்த இடம் பொதுவாகத் தங்கினாலும், காகித வேலையைப் பெரும்பாலும் மறுபடி தொடங்கவேண்டும். சிறுவயதில் கூட்டிப்போன பிள்ளைக்கு 21 வயதாகிவிட்டால் பெற்றோரின் விசா நிழல் அதற்கு இல்லை. அதை எண்ணிச் சம்பள உயர்வு கேட்காமல், மாறாமல் இருந்துவிடுகிறார்கள். மலிவான ஆளைவிட, போகமுடியாத ஆள்தான் முதலாளிக்கு லாபம்.

கட்டைத் தளர்த்தினால் என்ன ஆகும் என்பதற்குக் கத்தாரைப் பார்க்கலாம். பெரும்பாலோருக்கு எக்ஸிட் அனுமதி வேண்டாம் என்று 2018இல் சொன்னார்கள். பழைய முதலாளியின் ஒப்புதல் இல்லாமலே வேலை மாறலாம் என்று 2020இல். இரண்டே ஆண்டில் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாறினார்கள். சவூதியின் 2021 சீர்திருத்தம் அதே வழியில்தான் போனது, ஆனால் வீட்டு வேலைக்காரர்களையும் ஹவுஸ் டிரைவர்களையும் ஆடு மேய்ப்பவர்களையும் வெளியே விட்டுவிட்டது. அமெரிக்காவோ 2025 செப்டம்பரில், வெளிநாட்டிலிருந்து வரும் புதிய ஹெச்1பி ஆளுக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவித்தது. இது வாசலைத்தான் குறுக்குகிறது, உள்ளே இருப்பவரின் கட்டை அவிழ்க்கவில்லை. அவ்வளவு பணம் கட்டிய முதலாளி பிடியை இறுக்குவாரே தவிர விடமாட்டார். இல்லையென்றால் வேலையையே சென்னைக்கும் ஹைதராபாத்துக்கும் அனுப்பிவிடுவார்.

நம் அரசு என்ன செய்தது? 2020 செப்டம்பரில், வளைகுடா போகிறவர்களுக்கு நிர்ணயித்திருந்த குறைந்தபட்ச ஊதியத்தை 30 முதல் 50 விழுக்காடு வரை வெட்டியது. போட்டி நாடுகளிடம் நம் ஆட்கள் வேலையை இழந்துவிடக்கூடாது என்பது காரணம். எதிர்ப்பு கிளம்பி, வழக்கு நீதிமன்றம் வரை போய், 2021இல் பழைய ஊதியம் திரும்பியது. பேச்சுவார்த்தை மேஜையில் டெல்லி இன்றும் எத்தனை விசா என்றே அதிகம் கேட்கிறது. வாங்கிய விசாவோடு ஒருவர் முதலாளியை மாற்றிக்கொள்ள முடியுமா என்பதை, ரியாத்திலும் வாஷிங்டனிலும் அதே குரலில் கேட்கவேண்டும்.