தவணைக் கடிதம் எந்த மொழியில் வந்தது?

புதிய தவணை தொடங்கும்போது ஆரம்பப் பாடசாலையிலிருந்து வீட்டுக்கு ஒரு தாள் வரும். பாடசாலை திறக்கும் நாள், சீருடை, கட்டணம், பெற்றார் கூட்டம் என்று அதில் இருப்பவை எல்லாம் சாதாரண விடயங்கள். வருடம் முடியுமுன் அது கிழிந்து போகும். வரலாற்றாசிரியர் யாரும் அதைத் தேடுவதில்லை. ஆனால் மா ஓயாவுக்கு வடக்கே வென்னப்புவ, மாரவில, சிலாபம், உடப்பு, கற்பிட்டி என்று நீளும் புத்தளம் மாவட்டக் கரையோரத்தின் கடந்த நூற்றாண்டை விளங்கிக்கொள்ள வேண்டுமானால், அந்தத் தாள் எந்த மொழியில் எழுதப்பட்டது, வீட்டில் யாரால் அதை வாசிக்க முடிந்தது என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். இக்கரையின் கத்தோலிக்க மீனவக் குடும்பங்களில் மிகப் பல, இரண்டு மூன்று தலைமுறைகளுக்குள் தமிழை விட்டுச் சிங்களத்துக்கு மாறின. அயலவரோடு கலந்து வாழ்ந்ததால் மொழி தானாகத் தேய்ந்தது என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். அதை நான் ஏற்கவில்லை. கலப்பு நெடுங்காலமாகவே இருந்தது. மொழி போனது பாடசாலையில்.

இந்தக் கரைக்குத் தமிழ் அந்நியமாக இருந்த காலம் இல்லை. 1687இல் இலங்கைக்கு வந்த கோவாக் குரு யோசேப் வாஸ் முனிவர் புத்தளம் பக்கத்துக் கத்தோலிக்கரிடையே பணியாற்றினார். அவருக்குப் பின் 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் எழுதினார். 1742இல் போலவத்தையில் காலமானார். ஒரே குரு இரு மொழியிலும் எழுத வேண்டியிருந்தது என்பதே அன்றைய கரையோரத்தைப் பற்றி நிறையச் சொல்கிறது. ‘தமிழ் புளூட்டாக்’ என்று ஆங்கிலத்தில் தமிழ்ப் புலவர் வரலாற்றை 1859இல் வெளியிட்ட சைமன் காசிச்செட்டி பிறந்தது கற்பிட்டியில், 1807இல். பாடசாலைகளின் பக்கம் பார்த்தால், 1869இல் பொதுப் போதனாத் திணைக்களம் உருவானது. அடுத்து வந்த நன்கொடை முறையில் அரசு பணம் கொடுத்தது. ஆசிரியரை நியமிப்பதும் பாடசாலையை நடத்துவதும் மதச் சபையின் முகாமையாளர் கையில் இருந்தன. பின்னாளில் நடந்தவற்றுக்கு இந்த ஏற்பாடே அடிப்படை. கிராமத்தில் எந்த மொழியில் கற்பிப்பது என்பதைப் பெற்றாரைவிடப் பங்குக் குருவும் அவருக்கு மேலிருந்த ஆயரும் தீர்மானிக்கக்கூடியதாக இருந்தது.

சிலாபம் மறைமாவட்டம் 1939இல் அமைந்தது. அதன் முதல் ஆயராக 1940இல் பொறுப்பேற்ற எட்மண்ட் பீரிஸ் 1972 வரை அப்பதவியில் இருந்தார். சிங்களத்தில் ஆழ்ந்த புலமையுள்ளவர், வரலாற்றாய்வாளர். அவருடைய காலத்தில்தான் மறைமாவட்டத்தின் கத்தோலிக்கப் பாடசாலைகளில் தமிழின் இடத்தைச் சிங்களம் எடுத்துக்கொண்டது. 1945இல் இலவசக் கல்வி வந்தபோது ஆரம்ப வகுப்புகளில் தாய்மொழியே போதனா மொழி என்ற கொள்கையும் சேர்ந்து வந்தது. தாய்மொழிக் கல்வி தமிழைக் காத்திருக்க வேண்டுமே என்று தோன்றலாம். இரண்டு மொழியும் புழங்கும் வீட்டில் தாய்மொழி எது என்று யார் சொல்வது? நடைமுறையில் பிள்ளையைச் சேர்த்துக்கொண்ட பாடசாலையே அதைச் சொன்னது. ஒருமுறை சொல்லிவிட்டால் பாடநூல், ஆசிரியர், பரீட்சை, முன்னேற்ற அறிக்கை, வீட்டுக்கு வரும் கடிதம் எல்லாம் அந்த மொழியிலேயே வரும். தமிழில் எழுத்துப் படித்த தகப்பனுக்கு அந்தக் கடிதத்தைப் பிள்ளைதான் வாசித்துக் காட்ட வேண்டும். எழுதப் படிக்கும் மொழி ஒன்றாகவும் வீட்டுப் பேச்சு வேறாகவும் ஆகிவிட்ட குடும்பத்தில் அடுத்த தலைமுறை எதை வைத்துக்கொள்ளும் என்பதை ஊகிக்கப் பெரிய மொழியியல் தேவையில்லை.

இதற்குச் சான்று அதே கரையிலேயே இருக்கிறது. சிலாபத்துக்கு வடக்கே உள்ள உடப்பும் மீன்பிடிக் கிராமம்தான். சுற்றிலும் பெரும்பாலும் சிங்களம் பேசும் ஊர்கள்தான். திரௌபதை அம்மன் கோயிலும் தீமிதிப்பும் கொண்ட அந்த இந்துக் கிராமத்தில் தமிழ்ப் பாடசாலை நிலைத்தது, தமிழும் நிலைத்தது. புத்தளம், கற்பிட்டி முஸ்லிம்கள் சிங்களவரோடு வியாபாரத்தில் நாள்தோறும் கலந்தவர்கள். பாடசாலையில் மொழியைத் தெரிந்தெடுக்கும் வாய்ப்பும் அவர்களுக்கு இருந்தது. இருந்தும் அவர்களுடைய பாடசாலைகளில் பெரும்பாலானவை தமிழிலேயே நடந்தன, இன்றும் நடக்கின்றன. கலந்து வாழ்வதால் மட்டுமே மொழி கரையுமென்றால் இந்த இரண்டு சமூகமும் தமிழை இழந்திருக்க வேண்டும்.

இங்கே வலுவான மறுப்பு ஒன்று உண்டு. இந்துவுக்கும் முஸ்லிமுக்கும் சிங்களப் பெரும்பான்மையிலிருந்து மதம் ஒரு வேலி போட்டிருந்தது. கத்தோலிக்கருக்கு அந்த வேலி இல்லை. சிங்களக் கத்தோலிக்கரோடு ஒரே கோயில், ஒரே பூசை, தெற்கே கராவ என்றும் வடக்கே கரையார் என்றும் அறியப்பட்ட கடலோரச் சமூகங்களின் உறவு, கலியாணம். ஆகவே பாடசாலை இல்லாவிட்டாலும் மாற்றம் நடந்திருக்கும் என்பார்கள். மறுப்பின் முதற்பாதி முற்றிலும் சரி. ஆனால் வேலியில்லாத சமூகம் இரண்டு பக்கமும் போகக்கூடியது. அப்படிப்பட்ட இடத்தில்தான் பாடசாலை முகாமையாளரின் ஒரு தீர்மானம் இவ்வளவு பாரமாகிறது. தென்மேற்குப் பருவத்தில் மேற்குக் கடல் கொந்தளிக்கும்போது இந்த மீனவர்களில் பலர் முல்லைத்தீவு, திருகோணமலைப் பக்கம் வாடி அமைத்துத் தொழில் செய்தார்கள். அங்கே தமிழ் வேண்டும். அவர்களுக்குத் தெரிந்தும் இருந்தது. தொழிலும் கலப்பும் தமிழை வளர்த்தனவே தவிரக் கெடுக்கவில்லை. தகப்பன் கரைவலையோரம் தமிழ் பேச, மகன் சிங்களத்தில் எழுதினான்.

பெற்றாரே சிங்களத்தை விரும்பினார்கள் என்பது இன்னொரு வாதம். 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தபின் அரச வேலைக்கு வழி அதுதான், எந்தத் தகப்பன் வேண்டாமென்பான்? உண்மை. அந்த விருப்பத்தைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் ஆயர் பீரிஸ் காலத்து மொழி மாற்றம் 1956க்கு முன்பே தொடங்கிவிட்டது. ஏற்கெனவே திறந்திருந்த பாதைக்குள் சட்டம் வேகமாகத் தள்ளியது, அவ்வளவே. உடப்பிலும் வேலைக்கு ஆசைப்பட்ட பெற்றார் இருந்திருப்பார்கள். 1960, 1961 சட்டங்களால் நன்கொடை முறைப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது கத்தோலிக்கர் கடுமையாக எதிர்த்துப் போராடினார்கள், பாடசாலைகளுக்குள்ளேயே இருந்து மறித்தார்கள். அந்தப் போராட்டம் சமயக் கல்வியையும் உரிமையையும் பற்றியது. இந்தக் கரையில் போதனா மொழி என்ற கேள்வி அதற்குள் முடிந்துபோயிருந்தது.

இதன் விளைவு எண்களிலும் தெரிகிறது. 2012 கணக்கெடுப்பில் புத்தளம் மாவட்ட மக்கள்தொகை 762,396. அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கத்தோலிக்கர், மிகப் பெரும்பாலும் சிங்களவராகப் பதிவானவர்கள். ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு முஸ்லிம்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டு இங்கே குடியேறியவர்களும் அதில் அடக்கம். இடம்பெயர்ந்த பிள்ளைகளுக்காகப் புத்தளம், கற்பிட்டிப் பாடசாலைகள் பிற்பகலிலும் வகுப்பு நடத்தின. அந்த வகுப்புகள் தமிழில் நடந்தன. கல்வி அமைச்சு இன்றும் தவணை நாட்களைச் சிங்கள, தமிழ்ப் பாடசாலைகளுக்கு ஒன்றாகவும், நோன்பு விடுமுறையைக் கருதி முஸ்லிம் பாடசாலைகளுக்கு வேறாகவும் அறிவிக்கிறது. அதனால் ஒரே ஊரில் இரண்டு வீடுகளுக்கு இரண்டு நாட்காட்டி.

சிலாபம், மாரவில, வென்னப்புவப் பக்கத்துப் பழைய பங்குப் பாடசாலைகளின் சம்பவத் திரட்டுகளும் வரவு இடாப்புகளும் எந்த ஆண்டில் எந்த மொழிக்கு மாறின என்று ஊர் ஊராகப் பார்த்தால் இந்த வாதத்தைச் சரிபார்க்கலாம், மறுக்கவும் செய்யலாம். பழைய அலுமாரியைத் துப்புரவாக்கும் அதிபர்களும் பங்குத் தந்தையரும், பாட்டன் காலத்து முன்னேற்ற அறிக்கையைப் பெட்டிக்குள் வைத்திருக்கும் குடும்பங்களும், அவற்றை எறியுமுன் ஒரு பிரதியாவது எடுத்து வைக்க வேண்டும்.