திக்குவாய் என்று பெயர் சூட்டிய கதை: அயோவா, 1939

என் மகளுக்கு நாலு வயசு இருக்கும்போது திடீர்னு ஒரே எழுத்தை நாலைந்து முறை சொல்லித் தடுமாற ஆரம்பித்தாள். "மெதுவாப் பேசும்மா", "மூச்சு விட்டுட்டுச் சொல்லு" என்று வீட்டில் ஆளாளுக்குத் திருத்தினோம். ஸ்பீச் தெரபிஸ்ட்டிடம் கூட்டிப்போனால், அவர் குழந்தையை விட்டுவிட்டு எங்களைத்தான் அதிகம் விசாரித்தார். கடைசியில், "அவ முன்னாடி திக்குதுன்னு பேசிக்காதீங்க. அவ சொல்லி முடிக்கிற வரைக்கும் காத்திருங்க, போதும்" என்றார். இந்த அறிவுரையின் மூலத்தைத் தேடப் போய், அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் போய் நின்றேன்.

பேச்சுச் சிகிச்சை ஒரு தொழிலாக உருவாகிக்கொண்டிருந்த காலம் அது. அமெரிக்கப் பேச்சுச் சிகிச்சையாளர் சங்கம் தொடங்கியதே 1925இல்தான். அடுத்த ஆண்டு அயோவாவுக்குப் படிக்க வந்தவர் வெண்டல் ஜான்சன். கான்சஸ்காரர், கடுமையாகத் திக்குபவர். மூளையின் இரு பாதிகளுக்கும் நடக்கும் போட்டிதான் திக்கலுக்குக் காரணம் என்று அங்கே அப்போது நம்பினார்கள். ஜான்சனை இடது கைக்காரராக மாற்ற வலது கையில் மாவுக்கட்டுகூடப் போட்டுப் பார்த்தார்கள். திக்கல் போகவில்லை.

அவருக்கு வேறொரு சந்தேகம் வந்தது. சின்ன வயதில் ஓர் ஆசிரியர் 'இவன் திக்குகிறான்' என்று சொன்ன பிறகுதானே தனக்கு எல்லாம் ஆரம்பித்தது? எல்லாக் குழந்தைகளும் பேசப் பழகும்போது தடுமாறத்தான் செய்கிறார்கள். அதற்குப் பெரியவர்கள் ஒரு பெயர் வைத்ததும் குழந்தை பயந்துபோய்த் திக்க ஆரம்பிக்கிறது. அதாவது, கோளாறு குழந்தையின் வாயில் இல்லை, பெற்றோரின் காதில்.

அதைச் சோதிக்க 1939 ஜனவரியில் தன் மாணவி மேரி டியூடரை டேவன்போர்ட் ஊரிலிருந்த அனாதை இல்லத்துக்கு அனுப்பினார். மொத்தம் 22 குழந்தைகள். அவர்களில் 10 பேர் ஏற்கெனவே திக்குபவர்கள். நன்றாகப் பேசிக்கொண்டிருந்த மற்ற 12 பேரில் 6 பேரிடம், 'உனக்குத் திக்கல் ஆரம்பித்துவிட்டது, சரியாகப் பேச முடிந்தால் மட்டும் வாயைத் திற' என்கிற தோரணையில் சொல்லப்பட்டது. இல்லத்துப் பணியாளர்களிடமும் அப்படியே சொல்லி, அந்தக் குழந்தைகளைக் கவனித்துத் திருத்தச் சொன்னார்கள். மே மாதம் வரை இது நடந்தது. குழந்தைகளுக்கு உண்மை தெரியாது. ஏன் என்று கேட்க அப்பா அம்மாவும் கிடையாது. எங்கள் ஆபீஸ் பாஷையில் சொன்னால், நேரடியா ப்ரொடக்‌ஷன்லயே டெஸ்ட் பண்ணிட்டாங்க.

அந்தக் குழந்தைகள் பேசுவதைக் குறைத்துக்கொண்டார்கள், கூச்சப்பட்டு ஒதுங்கினார்கள். டியூடர் பிறகு திரும்பிப் போய்ச் சரிசெய்யப் பார்த்தும் பெரிய பலனில்லை. அவருடைய ஆய்வேடு அச்சேறாமல் பல்கலைக்கழக நூலகத்திலேயே தூங்கியது. உள்ளே இருந்தவர்கள் அதற்கு வைத்த பெயர் 'அரக்க ஆய்வு'. 2001இல் ஒரு கலிஃபோர்னியப் பத்திரிகை எழுதிய பிறகுதான், தங்களை வைத்துச் சோதனை நடந்ததே உயிரோடிருந்தவர்களுக்குத் தெரிந்தது. அப்போது அவர்களுக்கு வயதாகிவிட்டிருந்தது. பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது. 2007இல் அயோவா மாநிலம் 9,25,000 டாலர் இழப்பீட்டுக்கு ஒப்புக்கொண்டது.

இதில் என்னை ரொம்ப நேரம் யோசிக்க வைத்தது வேறு. அந்த ஆய்வேட்டின் தரவுகளை நிக்கோலின் ஆம்ப்ரோஸ், எஹுட் யாய்ரி இருவரும் 2002இல் மறுபடி அலசினார்கள். அந்த 6 பேரும் திக்குபவர்களாக மாறினார்கள் என்பதற்குத் தரவில் ஆதாரமே இல்லை! குழந்தைகளுக்கு நடந்த கெடுதல் நிஜம், ஆனால் கொள்கை நிரூபணமாகவில்லை. அப்படியும் ஜான்சனின் கருத்துதான் பல பத்தாண்டுகள் துறையை ஆண்டது. எத்தனையோ அம்மாக்கள் 'என்னாலதான் குழந்தைக்கு இப்படி ஆச்சு' என்ற குற்ற உணர்ச்சியோடு வாழ்ந்தார்கள்.

திக்கல் குடும்ப வழியில் வருவது இன்று தெரிந்த விஷயம். 2010இல் அதோடு தொடர்புள்ள மூன்று மரபணுக்களையும் கண்டுபிடித்தார்கள். ஆஸ்திரேலியாவில் உருவான லிட்கம் சிகிச்சை ஜான்சனுக்கு நேர் எதிர். பெற்றோரே குழந்தையின் பேச்சைக் கவனிக்க வேண்டும், திக்காமல் சொன்னதைப் பாராட்ட வேண்டும், எப்போதாவது திக்கியதையும் இதமாகச் சுட்ட வேண்டும். 2005இல் வெளியான நியூசிலாந்து ஆய்வில், இதைச் செய்த குழந்தைகளுக்குச் செய்யாதவர்களைவிடத் திக்கல் அதிகம் குறைந்திருந்தது.

அப்படியானால் எங்கள் தெரபிஸ்ட் சொன்னது தப்பா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெயர் சூட்டுவதால் திக்கல் வராது. ஆனால் பேசவே பயப்படும் குழந்தையை உருவாக்க அது போதும். டேவன்போர்ட்டில் நடந்ததும் அதுதானே?

மகளுக்கு ஆறு மாதத்தில் தானாகவே சரியாகிவிட்டது. சிறு வயதில் திக்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு அப்படித்தான். அவள் சொல்லி முடிக்கும்வரை காத்திருக்கும் பழக்கம் மட்டும் எங்களிடம் தங்கிவிட்டது.